நீதிபதியின் கையெழுத்து எங்கே?

2026 ஏப்ரல் 1 அன்று புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் 819 பிரிவுகள் 536 ஆகிவிட்டன, சொற்கள் பாதியாகக் குறைந்துவிட்டன, இனி சாமானியனுக்கும் புரியும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். சரி, புரிந்துகொள்வோம். 247ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கள். சோதனைக்கு வரும் அதிகாரி கதவையும் பீரோவையும் லாக்கரையும் உடைத்துத் திறக்கலாம் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்ததுதான். இப்போது கடவுச்சொல் கிடைக்காவிட்டால் அதையும் மீறி உள்ளே போகலாம் என்று எழுதிவிட்டார்கள். உங்கள் மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, வங்கிக் கணக்கு, பங்கு வர்த்தகக் கணக்கு, கிளவுடில் கிடக்கும் கோப்புகள் எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'மெய்நிகர் டிஜிட்டல் வெளி'. பூட்டை உடைத்தால் அக்கம்பக்கத்துக்காவது சத்தம் கேட்கும். இதில் அதுவும் கிடையாது.

இதற்கு அனுமதி தருவது யார்? நீதிபதியா? இல்லை. அதே துறையின் மேலதிகாரி. சோதனை போட விரும்புகிறவரும் சோதனைக்கு அனுமதி தருகிறவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே இலக்கைத் துரத்துகிறவர்கள். எந்தக் காரணத்தை நம்பி வந்தார்கள் என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் சொல்ல வேண்டாம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் சொல்ல வேண்டாம் என்கிறது சட்டம். உயர் நீதிமன்றம் நினைத்தால் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம். அதற்கு ரிட் மனு போட வேண்டும், மூத்த வழக்கறிஞர் வைக்க வேண்டும், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்?

துறை தரும் விளக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அதிகாரம் முறைப்படியான சோதனைகளில் மட்டும்தான், சாதாரண மதிப்பீட்டில் யாருடைய செல்போனையும் தொட மாட்டோம் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் சோதனை யாரோடு முடிகிறது? ஆடிட்டரின் கணினியைத் திறந்தால் அவரை நம்பிக் கணக்கு ஒப்படைத்த நூறு குடும்பங்களும் அதில் இருக்கின்றன. மருத்துவரின் போனில் நோயாளிகள், வழக்கறிஞரின் போனில் கட்சிக்காரர்கள், பத்திரிகையாளரின் போனில் அவருக்குத் தகவல் தந்தவர்கள். வரியோடு ஒட்டும் உறவும் இல்லாத படங்களும் கடிதங்களும் அதிகாரியின் வன்தட்டுக்குப் போனபின் என்ன ஆகும், யார் அழிப்பார்கள், எப்போது அழிப்பார்கள்? "நான் என்ன கோடீஸ்வரனா, என் போனில் என்ன இருக்கிறது" என்று நம் ஆட்களே சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்புதான் எனக்கு 247ஆம் பிரிவைவிட அச்சமாக இருக்கிறது.

இது திடீரென்று வந்ததல்ல. 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். நம் கூட்டங்களில் தேர்தல் பத்திரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அந்தப் பத்திரங்களுக்கு வழி திறந்த அதே சட்டத்தில் வேறு என்னென்ன இருந்தன என்பதை வரிசையாக வைத்துப் பார்த்தோமா? பான் எண்ணோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில்தான் வந்தது. இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அபராதம் என்பதும் அதில்தான் வந்தது. சோதனைக்கான காரணத்தை யாருக்கும் வெளியிட வேண்டாம் என்ற விளக்கமும் அதில்தான் நுழைந்தது. நுழைந்தது மட்டுமா, 1962 ஏப்ரல் 1 முதலே அப்படித்தான் இருந்தது என்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் பின்தேதியிட்டு நுழைந்தது. அதாவது ஒரே சட்டத்தில் குடிமகனின் பணத்துக்குத் திறந்த வீடு, துறையின் காரணத்துக்குத் திரை, கட்சிக்குப் பணம் கொடுத்தவனுக்கு முகமூடி. பத்திரம் வாங்கியவர் யார் என்பது பாரத ஸ்டேட் வங்கிக்குத் தெரியலாம், வாக்காளருக்குத் தெரியக் கூடாது.

மாநிலங்களவை அப்போது சும்மா இருக்கவில்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அவை தொட்டது இரண்டே விஷயங்களை: அதிகாரிகளின் சோதனை அதிகாரம், கட்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் நன்கொடை. மறுநாளே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது. பண மசோதா என்று முத்திரை குத்திவிட்டால் மாநிலங்களவையின் பேச்சுக்கு மரியாதை அவ்வளவுதான். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் தேர்தல் பத்திரத்தை அரசமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தார்கள். முகமூடி விழுந்தது. திரை விழவில்லை. புதிய சட்டம் அதைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

நம் கையில் ஆயுதமே இல்லையா? இருக்கிறது, துருப்பிடிக்க விட்டிருக்கிறோம். ஆந்திரத்தில் முத்திரைத் தாள் சட்டத்தைத் திருத்தி, கலெக்டர் அனுமதித்த எந்த நபரும் வங்கிக்குள் போய் வாடிக்கையாளரின் ஆவணங்களைப் பார்க்கலாம், பறிமுதல் செய்யலாம் என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். கனரா வங்கி எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் வந்த தீர்ப்பு அந்தப் பிரிவை அடித்து நொறுக்கியது. வங்கியிடம் கொடுத்த காகிதம் வங்கியின் அலமாரியில் இருப்பதாலேயே உங்கள் அந்தரங்கம் போய்விடாது என்றது நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் வேறு மாதிரி சொல்லியிருந்தது. வங்கியிடம் ஒப்படைத்த பதிவுகளில் வாடிக்கையாளருக்கு உரிமை இல்லை என்றது. நம் நீதிபதிகள் அந்த வழியில் போக மறுத்தார்கள். நம் ஊர்ப் பெருமையைப் பேச நமக்குக் கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. பிறகு 2017 ஆகஸ்ட் 24. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்தின் அளவைத் தாண்டாத நடவடிக்கை வேண்டும்.

எதிர்ப் பக்கமும் ஒரு தீர்ப்பு நிற்கிறது. 1973இல் பூரண்மல் வழக்கில், சோதனை சட்டவிரோதமாகவே நடந்திருந்தாலும் அதில் கிடைத்ததைச் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதமும் நகையும் மட்டுமே கிடைத்த காலத்துத் தீர்ப்பு அது. மனிதனின் முழு வாழ்க்கையும் உள்ளங்கைக் கருவியில் இருக்கும் காலத்துக்கும் அதையே நீட்டலாமா என்று கேட்க வேண்டிய வழக்கறிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் தள்ளிப்போடக் கூடாது.

கறுப்புப் பணத்தை என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி. வரி ஏய்ப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; அவன் விடுகிற பாரம் ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையில்தான் விழுகிறது. ஆனால் துறைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள். உங்கள் வருடாந்திரத் தகவல் அறிக்கையை இன்றைக்கே இணையத்தில் திறந்து பாருங்கள். வைப்புத்தொகை வட்டி, ஈவுத்தொகை, விற்ற பங்கு எல்லாம் நீங்கள் சொல்வதற்கு முன்பே அங்கே உட்கார்ந்திருக்கும். சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் பத்து லட்சம் ரொக்கம் போட்டால் வங்கி சொல்லிவிடுகிறது. பெரிய தொகைக்கு நிலம் கைமாறினால் பத்திரப் பதிவு அலுவலகம் சொல்லிவிடுகிறது. இவ்வளவையும் கையில் வைத்திருக்கும் துறைக்கு, சந்தேகம் வந்தால் ஒரு நீதிபதியிடம் போய் அரைமணி நேரம் விளக்கி ஆணை வாங்க முடியாதா? அமெரிக்காவில் வரிக் குற்றத்துக்காக வீட்டைச் சோதிக்க வேண்டுமானால் நீதிபதியின் வாரண்ட் வேண்டும். அங்கே வரி வசூல் நின்றுவிடவில்லை.

கறுப்புப் பணத்தின் பேரில் எல்லோருடைய பையிலும் கைவிட்டதற்குக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு செல்லாமல் போன நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே 2018இல் எழுதியது.

கறுப்புப் பணம் எங்கிருந்து முளைத்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1973-74இல் இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியோடு சேர்த்து, 97.75 விழுக்காடு. இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சம்பாதித்தவனுக்கு மிஞ்சியது இரண்டே கால் ரூபாய். அதற்கு மேல் சொத்து வரி தனி. நேர்மையானவனை முட்டாளாக்கிய விகிதம் அது. நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971இலேயே இந்த விகிதங்கள்தான் ஏய்ப்பை வளர்க்கின்றன, குறையுங்கள் என்று சொல்லியிருந்தது. 1985இல் வி.பி. சிங் ஐம்பதாகக் குறைத்தார், 1997இல் ப. சிதம்பரம் முப்பதாக்கினார். வானம் இடிந்து விழவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் நேரடி வரியின் பங்கு அந்தக் காலத்தைவிட இன்று பல மடங்கு.

இங்கேதான் வரிப் போட்டிக்கு, அதாவது முதலீட்டை இழுக்க அரசுகள் போட்டி போட்டு வரியைக் குறைப்பதற்கு, வருகிறேன். நம்மில் பலர் இதைத் தொடவே கூசுகிறார்கள், பெருமுதலாளிகளின் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 22 விழுக்காடாகவும், புதிய ஆலைகளுக்கு 15 விழுக்காடாகவும் குறைந்ததே, ஏன்? அரசு திடீரென்று இளகிவிட்டதா? ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே கணக்குச் சொல்லிவிட்டுத்தான் குறைத்தது. சீனாவிலிருந்து கிளம்பும் ஆலைகள் வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று தெரிந்த கடைக்காரர் செய்வதைத்தான் அரசும் செய்தது. போட்டி இல்லாத அரசு வரியைத் தானாகக் குறைத்த கதையை எனக்கு யாராவது சொல்லுங்கள்.

அதனால்தான் பெரிய அரசுகளுக்கு இந்தப் போட்டி பிடிப்பதில்லை. பாரிஸில் இருக்கும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 1998இலேயே இதைக் 'கேடு தரும் போட்டி' என்று அறிக்கை எழுதியது. சுவிட்சர்லாந்தும் லக்சம்பர்க்கும் அதற்குக் கைதூக்க மறுத்தன. 2021 அக்டோபரில் 136 நாடுகள் சேர்ந்து, பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு உலகமெங்கும் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என்று முடிவு செய்தன. 12.5 விழுக்காட்டை வைத்து ஒரு தலைமுறைக்கு வேலை கொடுத்த அயர்லாந்தும் பணிந்தது. அப்போது கையெழுத்திடாமல் நின்ற நாடுகள் நான்கே: கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. ஏழை நாடுகளின் நன்மைக்காக என்று சொன்ன ஒப்பந்தத்தை மறுத்தவர்களின் பட்டியல் இது. 2025 ஜூனில் ஜி-7 நாடுகள் கூடி, அமெரிக்கத் தலைமையகம் கொண்ட நிறுவனங்களுக்கு விலக்குத் தர இசைந்தன. பலம் உள்ளவனுக்கு வாசல் திறந்தது, மற்றவர்களுக்குப் பொது விதி.

உலகம் வரை போவானேன். மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தவுடன் பெட்ரோல் பங்கில் தமிழ்நாட்டு வண்டிகள் நிற்பதைப் பார்க்காதவர் உண்டா? கேரளத்துக்கு நடுவே ஒன்பது சதுர கிலோமீட்டர் மாஹே எதை வைத்துப் பிழைக்கிறது? ஜி.எஸ்.டி.க்கு முன் பல பொருள்களுக்கு இந்தச் சுதந்திரம் இருந்தது, இன்று மிஞ்சியிருப்பது பெட்ரோலும் மதுவும்தான். 2017 ஜூலைக்குப் பிறகு எந்த மாநிலமும் தன் மக்களுக்குச் சோப்பின் மீதோ சிமெண்டின் மீதோ வரியைத் தனியாகக் குறைக்க முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு ஒன்றிய அரசிடம். எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஒன்றிய அரசு தலையசைக்காமல் ஒரு சோப்புக் கட்டியின் வரிகூட மாறாது. பெட்ரோலையும் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் விலை குறையும் என்று நம் நண்பர்கள் சிலர் பேசுகிறார்கள். வேண்டாம், தயவுசெய்து அந்தக் கோஷத்தை நிறுத்துங்கள். இன்று குறையலாம். நாளை ஏற்றினால் ஓடிப்போக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு புதுச்சேரி இருக்காது.

(இந்த இடத்தில் எதிரணி நண்பர் ஒருவர் எப்போதும் என்னை மடக்குவார்: உங்கள் மூத்தவர் ராஜாஜிதானே 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார் என்று. ஆமாம். சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் போன வருவாய்க்கு ஈடாகக் கொண்டுவந்தார், எதற்கு என்று சட்டமன்றத்தில் நின்று பதில் சொன்னார். அதே ராஜாஜி இருபது ஆண்டு கழித்து, எண்பது வயதில், அரசின் அனுமதிச்சீட்டு ஆட்சியை எதிர்த்து சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1967இல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது. வரியே கூடாது என்பது நம் வாதம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.)

வோடஃபோன் கதையைக் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் நம் போராட்டத்தின் இரண்டு பாதிகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நீங்கள் கேட்கும் வரி சட்டத்தில் இல்லை என்று வோடஃபோன் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிதிச் சட்டத்தில், 1962 முதலே அப்படித்தான் சட்டம் என்று பின்தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த ஆட்சி வேறு, 2017இன் ஆட்சி வேறு. இரண்டுக்கும் 1962 என்ற ஆண்டின் மீது என்ன காதலோ. அதே பின்தேதிச் சட்டத்தில் கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனமும் சிக்கியது. அது பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய் 2020 டிசம்பரில் 120 கோடி டாலர் இழப்பீடு வென்றது. பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான குடியிருப்புகளை முடக்க நீதிமன்ற ஆணை வாங்கியது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தப் பின்தேதி வரியைத் திரும்பப் பெற்றது, வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்தது.

வெளியேறும் வாசல் இருக்கிறவனிடம் அரசு பணிவாகப் பேசும். வோடஃபோனுக்கு ஹேக் நகர நடுவர் தீர்ப்பாயம் இருந்தது, கெய்ர்னுக்குப் பாரிஸ் நீதிமன்றம் இருந்தது. ஈரோட்டில் ஜவுளி விற்பவருக்கும், சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்கும், திருப்பூரில் இருபது தையல் எந்திரம் ஓட்டுபவருக்கும் எந்த ஹேக்? அவர்கள் எங்கும் போக முடியாது. அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே காப்பு வீட்டுக் கதவும், அதைத் திறக்கச் சொல்லும் காகிதத்தில் ஒரு நீதிபதியின் கையெழுத்தும்தான். அந்தக் கையெழுத்து இன்று இல்லை. 2019 பட்ஜெட் உரையில் யானை புகுந்த வயலைச் சொன்ன பிசிராந்தையாரை மேற்கோள் காட்டிய அதே நிதியமைச்சர்தான் 2025இல் இந்தச் சட்டத்தையும் நிறைவேற்றிக் கொடுத்தார். மன்னனுக்கு அந்தப் புலவர் எதைச் சொன்னார் என்பதை அவர் உரையிலேயே இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியதைப் பேசுவோம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிதி மசோதா வருகிறது. 247ஆம் பிரிவைத் திருத்த ஒரு பத்தி போதும், அதற்கு அந்த மசோதாவே போதும். அடுத்த பிப்ரவரிக்கு முன் நாம் மூன்றைக் கேட்டு ஊரைக் கூட்டியாக வேண்டும். மின்னணுக் கருவியைத் திறப்பதற்கு முன் மாவட்ட நீதிபதியின் ஆணை வேண்டும். சோதனை முடிந்தபின் அதற்கான காரணம் எழுத்தில் சோதிக்கப்பட்டவர் கைக்கு வர வேண்டும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத தரவு, குறித்த நாளுக்குள் சாட்சி முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும். எதையெல்லாம் பண மசோதாவாகக் கொண்டுவரலாம் என்ற கேள்வி 2019இலேயே உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதையும் நம் வழக்கறிஞர்கள் கிளற வேண்டும்.

வணிகர் சங்கங்களில் இருக்கும் தோழர்களே, அடுத்த மாதக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. விகிதத்தைப் பேசி முடித்தவுடன் கலைந்துவிடாதீர்கள். 247ஐ உரக்கப் படித்துவிட்டுத் தீர்மானம் போடுங்கள். ஆடிட்டர் தோழர்களே, உங்கள் கட்சிக்காரர்களின் நம்பிக்கை உங்கள் கணினியில்தான் இருக்கிறது; முதலில் பேச வேண்டியவர்கள் நீங்கள், நோட்டீஸ் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்களும் நீங்களே. கணினித் துறைத் தம்பிகளே, தங்கைகளே, தரவு அந்தரங்கம் என்று ஆங்கிலத்தில் கருத்தரங்கு நடத்தியது போதும். உங்கள் ஊர் மளிகைக் கடைக்காரருக்குத் தமிழில் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் காக்கும் என்று நினைப்பவர்களுக்கு அதன் 17ஆம் பிரிவைக் காட்டுங்கள். அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்கு அதிலேயே விலக்கு வைத்துக்கொண்டது.

நாளைக்கே உங்கள் வாசலில் வண்டி நின்றால் ஓடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், அது குற்றம். அடையாள அட்டையைக் கேளுங்கள். அனுமதி ஆணையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சாட்சிகள் முன் எழுதும் பஞ்சநாமாவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நெருக்கி ஒப்புதல் வாக்குமூலம் வாங்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியமே 2003 மார்ச்சில் தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் இருக்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர், புதுச்சேரிக்கு அவைக்கு ஒருவர். மொத்தம் 59. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் தொகுதி அல்லது மாநில முகவரியிலிருந்து கையால் எழுதிய கடிதம் போக வேண்டும், ஒரே ஒரு கேள்வியோடு: என் போனைத் திறக்கும் முன் நீதிபதியின் கையெழுத்து வேண்டும் என்று நீங்கள் அவையில் திருத்தம் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? பதில் வந்தால் அதை அப்படியே அச்சடித்து ஊரில் ஒட்டுவோம். ஒரு மாதத்துக்குள் பதில் வராதவர்களின் அலுவலகத்துக்கு நேரில் போவோம், ஐந்து பேருக்குக் குறையாமல். மாவட்டத்துக்கு ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு இந்த வாரமே பெயர் கொடுங்கள்.